எடைப் பயிற்சிக் களிப்பு

எடைப் பயிற்சிக் களிப்பு என்பது பார்பெல், டம்பெல் முதலிய எடைகளைத் தூக்கி இறக்கும் கடும் பயிற்சியின்போதும், அது முடிந்த சற்று நேரத்துக்கும் சிலருக்கு உண்டாகும் இன்ப உணர்வு ஆகும். மனம் இலேசாதல், வலி மங்குதல், கவலை விலகி நிற்றல், உடல் பெருத்து வலுவேறியது போன்ற நினைப்பு ஆகியன இதன் கூறுகளாகச் சொல்லப்படுகின்றன. நெடுந்தொலைவு ஓடுவோர் அடையும் ஓட்டக் களிப்புடன் இதனை ஒப்பிடுவது வழக்கம். எனினும் இரண்டும் ஒன்றே எனக் கொள்ள இயலாது. ஓட்டம் ஒரே சீராக நீளும் உழைப்பு. எடைப் பயிற்சியோ சில நொடிகள் உச்ச முயற்சி, சில நிமிடங்கள் ஓய்வு என்று விட்டுவிட்டு நடைபெறுவது.

எண்டோர்ஃபின் சுரப்பதால் இக்களிப்பு ஏற்படுகின்றது என்னும் ஒற்றை வரி விளக்கம் உடற்பயிற்சிக் கூடங்களிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் பரவலாகக் காணப்படுகின்றது. இது முற்றிலும் பிழையன்று. ஆனால் பாதி மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டது. வெவ்வேறு காரணங்களால் தோன்றும் பல உணர்வுகள் ஒரே பெயரால் அழைக்கப்படுவதே இங்குள்ள சிக்கல் ஆகும். அவற்றுள் ஒன்று இன்பமே அன்று. மூளைக்குச் செல்லும் குருதி சில நொடிகள் குறைவதன் அறிகுறி அது.

பெயர்

ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் மெல்லோட்டம் மக்களிடையே பெரும் பழக்கமாகப் பரவியபோது, ஓட்டக்காரர்களின் களிப்பைக் குறிக்கும் சொல்லும் அதனுடன் சேர்ந்து பரவியது. எடை தூக்குவோரிடையே அதே காலத்தில் வேறொரு சொல் வழங்கி வந்தது. அது 'பம்ப்' என்பதாகும். மிதிவண்டிச் சக்கரத்தில் காற்றேற்றுவது போலத் தசையில் குருதி ஏறிப் புடைப்பதை இச்சொல் குறிக்கின்றது. 1977இல் வெளிவந்த 'பம்ப்பிங் அயர்ன்' என்னும் ஆவணப்படத்தில் உடற்கட்டு வீரர் ஆர்னால்டு சுவார்செனேகர் இவ்வுணர்வைக் காம இன்பத்துக்கு ஒப்பிட்டுப் பேசினார். அதன் பின்னர் இச்சொல் உடற்கட்டு உலகுக்கு வெளியிலும் அறியப்பட்டது. தமிழ்நாட்டின் உடற்பயிற்சிக் கூடங்களிலும் 'பம்ப்' என்ற சொல்லே வழங்குகின்றது.

தமிழில் இதற்கென நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. பரவசம், கிளர்ச்சி, களிப்பு ஆகிய சொற்கள் ஆளப்படுகின்றன. கிறக்கம் என்ற சொல்லும் சில வேளைகளில் கையாளப்படுகின்றது. ஆனால் அது தலைச்சுற்றலையும் குறிக்குமாதலால் குழப்பத்துக்கு இடமளிக்கும்.

உணரப்படும் விதம்

இக்களிப்பு எல்லோருக்கும் ஏற்படுவதில்லை. ஏற்படுவோருக்கும் ஒவ்வொரு நாளும் ஏற்படுவதில்லை. பட்டறிவு உடையோரின் கூற்றுகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று வேளைகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, கனத்த எடையை நெருங்கும் வேளை. நெஞ்சு படபடக்கும், பார்வை கூர்மையடையும், சுற்றியுள்ள ஓசைகள் விலகிப்போகும். இது பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுவதன் விளைவு. அட்ரீனலின், நார்அட்ரீனலின் ஆகியவற்றின் அளவு கையை எடையில் வைப்பதற்கு முன்னரே உயரத் தொடங்கிவிடுகின்றது. இரண்டாவது, ஒரு செட் முடிந்து எடையைக் கீழே வைத்த உடனடி வேளை. எரிச்சலும் மூச்சிரைப்பும் அடங்க, அவ்விடத்தில் ஒரு தெளிவும் நிறைவும் வந்து நிற்கும். மூன்றாவது, முழுப் பயிற்சியும் முடிந்தபின் அரை மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் அமைதி. உடல் களைத்திருக்கும், மனம் களைத்திருக்காது.

இம்மூன்றையும் ஒரே வேதிப்பொருளின் தலையில் சுமத்துவது பொருத்தமாகாது. நொடிக்கணக்கில் வந்து மறையும் ஓர் உணர்வும் மணிக்கணக்கில் நீடிக்கும் ஓர் உணர்வும் ஒரே வழியில் உண்டாகின்றன என்று கருதுவதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

எண்டோர்ஃபின் கொள்கை

அபினியும் மார்ஃபினும் மூளையில் சென்று பொருந்தும் ஏற்பிகள் இருப்பதை 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கேண்டஸ் பெர்ட், சாலமன் சுனைடர் ஆகியோர் காட்டினர். சுவீடனிலும் நியூயார்க்கிலும் இயங்கிய வேறு இரு குழுக்களும் அதே ஆண்டில் அதே முடிவை எட்டின. கசகசாச் செடியின் பாலுக்கு மனித மூளையில் ஓர் இடம் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. உடலே அத்தகைய பொருளைச் சுரக்கின்றது என்பதே விடையாக இருக்கக்கூடும். 1975இல் இசுக்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூசும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்னும் சிறு புரதக்கூறுகளைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில் கலிபோர்னியாவில் சோ ஹாவ் லீ ஒட்டகத்தின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து 31 அமினோ அமிலங்களைக் கொண்ட பீட்டா-எண்டோர்ஃபினைக் கண்டறிந்தார். அவர் தேடியது கொழுப்பைக் கரைக்கும் இயக்குநீரை. கிடைத்தது வலி நீக்கி. 'உடலுக்குள் விளையும் மார்ஃபின்' என்ற பொருளிலேயே எண்டோர்ஃபின் என்ற பெயர் அமைந்தது.

இக்கண்டுபிடிப்புகளும் மெல்லோட்ட அலையும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தன. உடற்பயிற்சிக்குப் பின் குருதியில் பீட்டா-எண்டோர்ஃபின் உயர்கின்றது என்று ஆய்வகங்கள் அறிவித்ததும், களிப்புக்கான காரணம் அகப்பட்டுவிட்டது என்று பலரும் கருதினர்.

ஆனால் இரு தடைகள் இருந்தன. குருதியில் கலக்கும் பீட்டா-எண்டோர்ஃபின் குருதி-மூளைத் தடுப்பை எளிதில் கடப்பதில்லை. ஆகவே கையில் எடுத்த குருதியில் அதன் அளவு உயர்ந்திருப்பது மூளைக்குள் நடப்பதைக் காட்டாது. மேலும், பிட்யூட்டரி சுரப்பி இதனைத் தனியாக வெளியிடுவதில்லை. உடலின் நெருக்கடிக் கால இயக்குநீர் ஒன்றும் இதுவும் ஒரே தாய்மூலக்கூறிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு ஒன்றாக வெளிவருகின்றன. மகப்பேற்று வலியிலும் அறுவை மருத்துவத்தின்போதும் கூட இதன் அளவு உயர்வது உண்டு. எனவே குருதியில் இதன் உயர்வு இன்பத்தின் அளவுகோல் என்பதைவிட நெருக்கடியின் அளவுகோல் என்பதே பொருந்தும்.

எடைப் பயிற்சியைப் பொறுத்தவரை 1993இல் வில்லியம் கிரேமர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஐந்து முறை மட்டுமே தூக்கக்கூடிய கனத்த எடையை நீண்ட இடைவெளியுடன் தூக்கும் முறையையும், பத்து முறை தூக்கக்கூடிய எடையை ஒரு நிமிட இடைவெளியுடன் தூக்கும் முறையையும் அவர்கள் ஒப்பிட்டனர். பீட்டா-எண்டோர்ஃபின் தெளிவாக உயர்ந்தது இரண்டாம் முறையில்தான். குருதியில் லாக்டேட் மிகுதியாகச் சேர்ந்ததும் அம்முறையில்தான். குருதியின் அமிலத்தன்மை கூடுவது இச்சுரப்பைத் தூண்டுகின்றது என்பதை அடுத்த ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வும் காட்டியது. தூக்கும் எடையின் கனம் மட்டுமே களிப்பைத் தருமென்ற நம்பிக்கைக்கு இம்முடிவுகள் ஆதரவாக இல்லை. இடைவெளி குறைந்து தசை எரியும் பயிற்சியே எண்டோர்ஃபினை உயர்த்துகின்றது. அந்த எரிச்சலை இன்பம் என்று எவரும் சொல்வதில்லை.

மூளைக்குள் பார்த்த ஆய்வுகள்

மூளையின் ஏற்பிகளை உயிருள்ள மனிதரிடமே படம்பிடிக்கும் பாசிட்ரான் உமிழ்வு வரைவி முறை வந்தபின் நிலைமை மாறியது. 2008இல் செருமனியில் ஹென்னிங் போக்கர் குழுவினர் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் பத்துப் பேரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டனர். உணர்ச்சிகளுடன் தொடர்புடைய மூளைப் பகுதிகளில் அபினி வகைப் பொருள்கள் வெளியானதற்கான அறிகுறிகள் தெரிந்தன. ஓட்டக்காரர்கள் தெரிவித்த களிப்பின் அளவும் அதற்கு ஏற்பக் கூடிக் குறைந்தது. எண்டோர்ஃபின் கொள்கைக்குக் கிடைத்த வலுவான சான்று இதுவே எனலாம்.

பின்லாந்தின் தூர்க்கு நகரில் நடந்த ஆய்வு எடை தூக்குவோருக்கு இன்னும் நெருக்கமானது. அதில் மிதமான ஒரு மணி நேரப் பயிற்சியும், குறுகிய நேர உச்ச முயற்சிகளை விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சியும் ஒப்பிடப்பட்டன. உச்ச முயற்சிக்குப் பின் மூளையில் அபினி வகைப் பொருள்கள் வெளியாயின. ஆனால் அவை வெளியான அளவு களிப்புடன் தொடர்புறவில்லை. சோர்வு, எரிச்சல் முதலிய கசப்பான உணர்வுகளுடனேயே தொடர்புற்றிருந்தது. உடல் தன் துன்பத்தைத் தணிக்கவே அவற்றை வெளியிடுகின்றது, இன்பம் தருவதற்காக அன்று, என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். எரியும் வீட்டில் நீர் மிகுதியாகக் காணப்படுவதால் நீர்தான் தீயை மூட்டியது என்று எவரும் கருதுவதில்லை.

2021இல் வெளியான மற்றொரு செருமானிய ஆய்வு எண்டோர்ஃபின் கொள்கையை நேரடியாகவே சோதித்தது. 63 பேருக்கு அபினி ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன் என்னும் மருந்தோ மருந்துப் போலியோ தரப்பட்டது. பின்னர் அவர்கள் 45 நிமிடங்கள் ஓடினர். ஏற்பிகள் அடைபட்டிருந்தவர்களுக்கும் களிப்பு வந்தது, பதற்றமும் குறைந்தது. எண்டோர்ஃபின்தான் களிப்புக்குக் காரணம் என்றால் இவ்வாறு நிகழ்ந்திருக்கக் கூடாது.

ஆனந்தமைடு

எண்டோர்ஃபினுக்கு மாற்றாக இன்று முன்வைக்கப்படுவது உடல் தானே உண்டாக்கும் கஞ்சா வகைப் பொருள்கள் ஆகும். கஞ்சாவின் போதைப் பொருள் பொருந்தும் ஏற்பி மூளையில் இருப்பது 1988இல் கண்டறியப்பட்டது. 1992இல் எருசலேமில் ரஃபேல் மெக்கூலம் ஆய்வுக்கூடத்தினர் அவ்வேற்பியில் இயல்பாகப் பொருந்தும் கொழுப்புப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனந்தமைடு. வடமொழியின் 'ஆனந்த' என்ற சொல்லிலிருந்தே இப்பெயர் எடுக்கப்பட்டது. உடல் வேதியியலின் பெயர்களில் தமிழர் விளக்கமின்றிப் புரிந்துகொள்ளக்கூடிய மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

ஆனந்தமைடு கொழுப்பில் கரைவதால் குருதி-மூளைத் தடுப்பை எளிதில் கடக்கின்றது. எண்டோர்ஃபினுக்கு இருந்த முதல் தடை இதற்கு இல்லை. மிதமான வேகத்தில் 50 நிமிடங்கள் ஓடிய, அல்லது மிதிவண்டி மிதித்த கல்லூரி மாணவர்களின் குருதியில் ஆனந்தமைடு உயர்வதை 2003இல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. 2012இல் மனிதர், நாய், பெரட்டு எனப்படும் கீரி போன்ற விலங்கு ஆகிய மூவகை உயிர்களை ஓடவிட்டுப் பார்த்தபோது மனிதரிடமும் நாயிடமும் மட்டும் அது உயர்ந்தது. நெடுந்தொலைவு ஓடி வேட்டையாடும் வழியில் வந்த உயிர்களுக்கு ஓட்டமே பரிசளிக்கின்றது என்னும் கருத்து இதிலிருந்து எழுந்தது. 2015இல் எலிகளில் செய்யப்பட்ட ஆய்வில், கஞ்சா ஏற்பிகளை அடைத்தபோது ஓட்டத்துக்குப் பிந்தைய பதற்றக் குறைவும் வலிக் குறைவும் மறைந்தன. அபினி ஏற்பிகளை அடைத்தபோது மறையவில்லை.

இவையனைத்தும் ஓட்டத்தை வைத்துச் செய்யப்பட்டவை என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும். பார்பெல்லைத் தோளில் சுமந்து ஸ்குவாட் செய்வது வேட்டை ஓட்டம் அன்று. எனினும் தசை இறுக்கத்துக்கும் இப்பொருள்களுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஒரு சான்று உள்ளது. கெல்லி கோல்ட்டின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பிடியை மூன்று நிமிடங்கள் இறுக்கிப் பிடித்திருந்தவர்களுக்கு வலியுணர்வு குறைந்தது. குருதியில் கஞ்சா வகைப் பொருள்கள் உயர்ந்தன. நால்ட்ரெக்சோன் தந்தபோதும் வலிக் குறைவு நீங்கவில்லை. இதே ஆய்வாளர் 1998இல் எடைப் பயிற்சியையே நேரடியாக ஆராய்ந்திருந்தார். உச்ச எடையின் 75 விழுக்காட்டில் 45 நிமிடங்கள் பயிற்சி செய்தவர்களின் வலித் தாங்குநிலை ஐந்தாம் நிமிடத்தில் உயர்ந்திருந்தது. பதினைந்தாம் நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. எடை தூக்கிய பின் உடல் மரத்து இலேசாகத் தோன்றுவது கற்பனையன்று என்பதும், அது மிகக் குறுகிய காலமே நிற்பது என்பதும் இதனால் தெரிகின்றன.

தசைப் புடைப்பு

'பம்ப்' எனப்படும் புடைப்புக்கு மூளையை நாடவேண்டியதில்லை. தசை இறுகும்போது அதனூடே செல்லும் சிரைகள் நசுங்குகின்றன. தமனிகள் உயர் அழுத்தத்தில் குருதியைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்க, வெளியேறும் வழி அடைபடுகின்றது. லாக்டேட் முதலிய கழிவுப் பொருள்கள் தசைக்குள் சேர, குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து அவற்றைத் தேடித் தசைக்குள் இறங்குகின்றது. எடையைக் கீழே வைத்ததும் அடைபட்ட குருதி வெள்ளம் போல் பாய்கின்றது. தோல் இறுகி, நரம்பு போல் தோன்றும் சிரைகள் புடைத்து, கை தன் அளவை மீறிப் பெருத்ததாகத் தோன்றும். பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இது வடிந்துவிடும். தசை வளர்ந்துவிட்டது என்பதற்கு இது சான்றாகாது.

ஆயினும் இதனை வெறும் நீர்க்கோப்பு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பல மாத உழைப்புக்குப் பின் கிட்டவேண்டிய உருவத்தைக் கண்ணாடி அரை மணி நேரம் முன்கூட்டியே காட்டிவிடுகின்றது. ஓட்டக்காரருக்குக் கிடைக்காத இன்பம் இது. உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்கள் முழுதும் கண்ணாடி பதிக்கப்பட்டிருப்பது உடல் நிலையைச் சரிபார்ப்பதற்கு மட்டும் என்று சொல்வதற்கில்லை.

எதிர்விளைவும் நிறைவும்

வேதிப்பொருள்களை நாடாத விளக்கமும் உண்டு. ரிச்சர்டு சாலமன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1974இல் ஜான் கார்பிட்டுடன் முன்வைத்த எதிர்ச்செயல் கொள்கையின்படி, ஒரு வலுவான உணர்ச்சி தோன்றும்போது அதனைச் சமன்செய்ய எதிரான உணர்ச்சியும் உள்ளுக்குள் கிளம்புகின்றது. முதல் உணர்ச்சி நின்றதும் எதிர் உணர்ச்சி தனித்து வெளிப்படுகின்றது. வான்குடை வீரர் குதிக்கும்போது அஞ்சுவதும் தரையிறங்கியபின் களிப்பதும் இதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டு. பழகப் பழக அச்சம் குறைந்து களிப்பு கூடுமென்பது இக்கொள்கையின் அடுத்த கூற்று. எடைப் பயிற்சியில் ஒவ்வொரு செட்டும் ஒரு சிறு துன்பம், அதன்பின் ஒரு சிறு விடுதலை என்றே அமைந்துள்ளது. புதிதாகச் சேர்ந்தோருக்குத் துன்பமே பெரிதாகவும், ஆண்டுகள் பல பயின்றோருக்கு விடுதலையே பெரிதாகவும் தோன்றுவதை இக்கொள்கை ஓரளவு விளக்குகின்றது.

அளவிடக்கூடிய முன்னேற்றமும் இங்கு முகாமையானது. சென்ற வாரம் 60 கிலோ. இன்று இருபுறமும் 1.25 கிலோத் தட்டுகள் சேர்த்து 62.5 கிலோ. இவ்வளவு ஐயமற்ற விடையை வேறு பல முயற்சிகள் தருவதில்லை. இவ்வெற்றியுணர்வு டோபமினால் ஏற்படுகின்றது என்று சொல்லப்படுவது உண்டு. டோபமினுக்கும் பரிசு எதிர்பார்ப்புக்கும் தொடர்பிருப்பது பொதுவாக நிறுவப்பட்டதே. ஆனால் உடற்பயிற்சி டோபமினைக் கொட்டுகின்றது என்ற கூற்று அத்துணை உறுதியானதன்று. 2000ஆம் ஆண்டில் ஓடுபொறியில் அரை மணி நேரம் ஓடியவர்களின் மூளையைப் படம்பிடித்த ஓர் ஆய்வில் டோபமின் வெளியீட்டில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

கிறுகிறுப்பு: களிப்பு அன்று

கனத்த டெட்லிஃப்ட் அல்லது ஸ்குவாட் முடிந்த நொடியில் தலை மிதப்பது போலவும், கண்முன் பொறி பறப்பது போலவும், ஒலிகள் தொலைவிலிருந்து வருவது போலவும் சிலர் உணர்கின்றனர். இதனையும் களிப்பின் பகுதியாக எண்ணி, அதை மீண்டும் பெற எடையைக் கூட்டுவோர் உண்டு. இது வேறு நிகழ்வு.

கனத்த எடையைத் தூக்கும்போது மூச்சை உள்ளிழுத்து, குரல்வளையை மூடி, வயிற்றை இறுக்குவது இயல்பு. முதுகெலும்பைத் தாங்குவதற்கு இது உதவுகின்றது. இம்மூச்சுப்பிடிப்பினால் நெஞ்சறைக்குள் அழுத்தம் கூடுகின்றது. இறுகிய தசைகளும் குருதிக் குழாய்களை நெருக்குகின்றன. இதனால் குருதி அழுத்தம் எவ்வளவு உயரும் என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 1985இல் வெளியிட்ட ஆய்வில் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி அளந்தனர். பட்டறிவுடைய உடற்கட்டு வீரர்கள் ஐவர் இரு கால்களாலும் எடையை உந்தியபோது சராசரி அழுத்தம் 320/250 மி.மீ. பாதரச அளவை எட்டியது. அவர்களுள் ஒருவருக்கு அது 480/350ஐயும் தாண்டியது. ஓய்விலிருக்கும் உடலில் இயல்பான அளவு 120/80ஐ ஒட்டியது என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எடையை வைத்ததும் நிகழ்வதே தலை மிதப்பதற்குக் காரணம். நெருக்கப்பட்டிருந்த குழாய்கள் ஒரே நேரத்தில் திறக்க, தசைகளை நோக்கிக் குருதி பாய, அழுத்தம் சில நொடிகளில் ஓய்வு நிலைக்கும் கீழே சரிகின்றது. அதுவரை மூச்சுப்பிடிப்பினால் நெஞ்சுக்குத் திரும்பிய குருதியும் குறைந்திருக்கும். மூளைக்குப் போதிய குருதி எட்டாத அந்தச் சிறு இடைவெளியே மிதப்பாக உணரப்படுகின்றது. தூக்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கூடும். குருதியில் கரியமில வாயு குறைந்து மூளையின் குழாய்கள் சுருங்கிவிடுவதே காரணம். எல்லை மீறினால் மயக்கமே ஏற்படும். பளுதூக்குவோர் மயக்கம் என்று 1973ஆம் ஆண்டிலேயே இது மருத்துவ இதழில் விளக்கப்பட்டுள்ளது. தலைக்கு மேலே பார்பெல் இருக்கும்போது நேரும் மயக்கத்தின் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

களிப்பையும் கிறுகிறுப்பையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. கிறுகிறுப்பு எடையை வைத்த சில நொடிகளுக்குள் வரும். உட்கார்ந்தாலோ படுத்தாலோ விரைவில் நீங்கும். பார்வை மங்கலும் உடன் வரும். களிப்பில் பார்வை மங்குவதில்லை. உட்கார்ந்தாலும் அது போய்விடுவதில்லை. கிறுகிறுப்பு வந்தால் உடனே அமர்வதும், அடுத்த முயற்சியில் எடையைக் குறைத்து மூச்சைச் சீராக விடுவதும் தக்கன. உயர் குருதி அழுத்தம், கண்ணழுத்த நோய், குடலிறக்கம் உடையோர் மூச்சடக்கித் தூக்கும் முறையை மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ளலாகாது. தூக்கும்போது இடி விழுந்தது போல் திடீரெனக் கடும் தலைவலி தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

களிப்பைத் தேடுதல்

இன்பம் தரும் எதையும் போலவே இதனையும் மனிதர் பெருக்கிக்கொள்ள முயல்கின்றனர். பயிற்சிக்கு முன் அருந்தப்படும் தூள் கலவைகள் பலவற்றில் காப்பியில் உள்ள காஃபீன் ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை உள்ளது. இது இரண்டு மூன்று குவளைக் காப்பிக்கு நிகர். இதனை அருந்தியபின் ஏற்படும் படபடப்பையும் உற்சாகத்தையும் பயிற்சியின் பயன் என்று எண்ணுவது பிழை. சில கலவைகளில் கலக்கப்பட்டு வந்த டிஎம்ஏஏ என்னும் ஊக்கி, குருதிக் குழாய்களைச் சுருக்கி இதயத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது என்பதால் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013இல் அதற்கெதிராக நடவடிக்கை எடுத்தது.

பழக்கம் அடிமைத்தனமாக மாறுவதும் உண்டு. 1970இல் பிரெடரிக் பேக்கலண்டு என்னும் ஆய்வாளர் உடற்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் உறக்கம் எவ்வாறு மாறுகின்றது என்று அறிய விரும்பினார். நாள்தோறும் பயில்வோரில், பணம் தருவதாகச் சொல்லியும் நிறுத்த முன்வருவோரை அவரால் பெற இயலவில்லை. வாரம் மூன்று நான்கு நாள் பயில்வோரைக் கொண்டே ஆய்வை நடத்த வேண்டியதாயிற்று. எடை தூக்குவோரிடையே இதனுடன் பிணைந்து காணப்படும் மற்றொரு கோளாறு, எவ்வளவு தசை சேர்ந்தாலும் தன் உடல் சிறுத்தே உள்ளது என்னும் மாறா நினைப்பு ஆகும். ஹாரிசன் போப் குழுவினர் 1990களில் இதனை விவரித்தனர்; 2013 முதல் அமெரிக்க உளநோய் மருத்துவக் கையேட்டில் இது இடம்பெற்றுள்ளது. பயிற்சி தவறிய நாளில் சிடுசிடுப்பும் குற்றவுணர்வும் தோன்றுதல், காயத்துடனும் தூக்குதல், உறவுகளையும் வேலையையும் கைவிடுதல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். களிப்பு குறைந்துபோனதால் அளவை மீறிப் பயில்வோருக்குத் தசைச்சிதைவும் நேரலாம். கடும் தசை வலியுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறுவது அதன் அடையாளம்; அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடிய அவசர நிலை ஆகும்.

களிப்பு வாராதோர்

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து சில வாரங்களிலேயே விலகுவோருள், தமக்குச் சொல்லப்பட்ட களிப்பு வரவேயில்லை என்று ஏமாற்றம் அடைந்தோரும் உளர். மனநலத்தைப் பொறுத்தவரை இவ்வேமாற்றத்துக்கு அடிப்படை இல்லை. அயர்லாந்தின் பிரெட் கார்டன் குழுவினர் மொத்தம் 1877 பேரை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, எடைப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கின்றது. பயிற்சியின் மொத்த அளவு கூடியதாலோ, உடல்வலு மிகுதியாக வளர்ந்ததாலோ இப்பயன் கூடியதாகத் தெரியவில்லை. மதிப்பிடுவோருக்கு யார் பயின்றவர் என்பது மறைக்கப்பட்ட ஆய்வுகளில் பயன் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பதற்றத்தைக் குறைப்பதிலும் மிதமான எடையே முந்தி நிற்கின்றது. ஒரு முறை மட்டுமே தூக்கக்கூடிய உச்ச எடையில் 70 விழுக்காட்டுக்குக் குறைவான எடையைக் கொண்டு பயில்வோரிடம் பதற்றக் குறைவு நம்பகமாகக் காணப்படுகின்றது. அதற்கு மேற்பட்ட எடையில் பயின்றோருக்குச் சில ஆய்வுகளில் பயிற்சி முடிந்த முதல் சில நிமிடங்களில் பதற்றம் கூடியிருந்தது. எனவே பார்பெல்லைக் கீழே வைத்த நொடியில் என்ன உணர்கிறோம் என்று பார்ப்பதைவிட, குளித்து உடைமாற்றி வீடு திரும்பும் வேளையில் மனம் எவ்வாறுள்ளது என்று பார்ப்பதே பயிற்சியின் பயனை அறியத் தகுந்த வழியாகும்.